மஞ்சளான கிணறும் அண்ணன் சொன்ன உண்மையும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அவருடைய பிற்காலத்தில் என்னைவிட அவருக்கு நெருக்கமாக இருந்தவர்கள். எழுதும் தகுதி எனக்கு உண்டா என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது. அண்ணி சொன்னதால் எழுதுகிறேன்.

சென்னிமலைக்கு அருகே தறி ஓட்டும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு கோவைக்கு வந்து பாலிஷ் பட்டறையில் சேர்ந்தார். அவருடைய உழைப்பில்தான் நான் ஐ.டி.ஐ. முடித்தேன். பிறகு சிங்காநல்லூருக்குக் கிழக்கே, பம்ப்செட் பாகங்களுக்குக் குரோம் முலாம் பூசும் பட்டறையை இருவரும் சேர்ந்து தொடங்கினோம். கூட வேலை செய்தவர்கள் யாரையும் அவர் ஒருமையில் அதட்டி நான் கேட்டதில்லை.

முலாம் பூசிய பாகங்களைக் கழுவும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது நஞ்சு. சுத்தம் செய்த பிறகே வெளியே விட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பட்டறையின் பின்புறம் வற்றிப்போன ஆழ்துளைப் போர் ஒன்று இருந்தது. அதற்குள் விட ஆரம்பித்தோம்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றார். கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவர் அவர்.

“ஏனுங்க, கெணத்துத் தண்ணி இப்படி மஞ்சப் பூத்துக் கெடக்குது. மாடு மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்குதுங்க.”

அண்ணன் சொம்பை வாங்கிப் பார்த்தார். பிறகு, “இது மண்ணோட நெறமுங்க அக்கா. அடியில பழைய ஓடையிருக்குது. நல்ல மழை பேஞ்சா இப்படித்தான் ஊறும்” என்றார்.

அந்த இடத்தில் தோன்றிய பொய் அது. சரசக்கா நம்பிவிட்டார். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். டீக்கடையில் யாராவது கேட்டால் டீ ஆற்றுபவரே பழைய ஓடையைப் பற்றி விளக்குவார். அந்தக் கதை இருந்ததால் எங்களில் யாருக்கும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒருநாள், சரசக்கா தன் உறவுக்காரர்களுக்குக் கிணற்றைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தது வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அண்ணன் காதில் விழுந்தது. “இது ஓடை மண்ணுங்க. என்ற மாமனாரு காலத்துலயே இப்படித்தான் ஊறுமாம்” என்றார் சரசக்கா.

அண்ணன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. “தம்பி, நான் உட்ட புளுகுக்கு அந்தம்மா பாட்டன் காலத்து வயசு குடுத்துப்போட்டாங்கடா” என்றார். “நாளைக்குப் பட்டறைக்காரங்க சங்கக் கூட்டத்துல சொல்லிப்போடறேன். நீயும் கூட வா.”

“சொல்லிப்போட்டா பட்டறை என்னாகும்ணா? நான் வரலீங்க” என்றேன்.

நான் போகவில்லை. அங்கே நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிவேன். அதற்கு முன் அதே கூட்டங்களில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து அட்டவணைகளைக் காட்டிப் பேசியதுண்டு. நாங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். அன்று அண்ணன் எழுந்து, “சரசக்கா கெணத்தக் கெடுத்தது நாந்தானுங்க. ஓடையும் இல்ல, மண்ணும் இல்ல” என்று தொடங்கி, சொம்பு வந்தது முதல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “எங்க பட்டறையிலயும் அப்படித்தானுங்க” என்றாராம். பிறகு இன்னொருவர்.

அடுத்த ஆண்டுக்குள் பொதுச் சுத்திகரிப்புத் தொட்டி வந்தது. பழைய போர்கள் மூடப்பட்டன. ஆனால் அதற்கெல்லாம் முன்பே எங்கள் பட்டறை பல மாதம் பூட்டிக் கிடந்தது. நான் கோபித்துக்கொண்டு போத்தனூருக்குக் குடிபோய் வேறு வேலையில் சேர்ந்தேன். சரசக்காவிடம் அண்ணன் நேரில் போய்ச் சொன்னபோது அவர் வாசல் படலைச் சாத்திக்கொண்டார். குழாய் இணைப்பு கிடைக்கும்வரை தினமும் காலையில் வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் சரசக்காவின் மாட்டுத் தொட்டியை நிரப்பினார் அண்ணன். கிணறு மட்டும் இன்றுவரை தெளியவில்லை.

பிறகு வேறு ஊர்ப் பட்டறைக்காரர்களும் அவரை அழைத்தார்கள். போன இடமெல்லாம் இதையே சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. தொலைபேசியில், “இன்னும் எத்தன ஊர்ல போயி நம்ம மானத்த வாங்குவீங்க?” என்று கத்தினேன்.

“உம்பேர எங்கயும் சொல்லலீடா தம்பி” என்றார்.

அது உண்மை. அந்தத் தண்ணீரைப் போருக்குள் விடலாம் என்ற யோசனையைச் சொன்னவன் நான். ‘வேண்டாம்டா’ என்று இரண்டு வாரம் மறுத்தவர் அண்ணன். இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அண்ணியிடம்கூட அவர் சொல்லவில்லை என்பதை, இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டியபோதுதான் அறிந்தேன்.

மூச்சுத் திணறல் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் மழையைப் பற்றியும், பஸ்ஸில் வந்த கூட்டத்தைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் அவர் இல்லை.

காரியத்தன்று சரசக்கா வந்திருந்தார். “பொய் சொன்னப்பத் தயங்காம நம்புனனுங்க. நெசத்தச் சொன்ன மனுசனத்தான் நாலு வருசம் பேசாம வச்சிருந்தேன்” என்று அண்ணியிடம் சொல்லி அழுதார். நான் அருகில்தான் நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இரவு பகல் பாராமல் அண்ணனைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பட்டறை பூட்டிக் கிடந்த மாதங்களில் அவரைக் கைவிடாத தொழிலாளத் தோழர்களுக்கும், பாரம் சுமந்து வழியனுப்பிய சொந்தபந்தங்களுக்கும், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணனின் இந்தக் கதையை இன்னமும் பல பட்டறைகளில் சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். இனிச் சொல்லும்போது ஒருவர் செய்த தவறு என்று சொல்லாதீர்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று சொல்லுங்கள். தம்பியின் பெயர் இதன் அடியில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்ணீருடன்,
தம்பி பழனிச்சாமி