முப்பத்தேழோடு ஒன்று

குஞ்சு பொரிக்கும் பண்ணையில் ஒன்பது வருடம் முட்டைத் தட்டு கழுவியவள் அவள். நாற்பத்திரண்டு வயதில் மாலை வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கச் சேர்ந்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் 'பெரியம்மா'. திரையில் உள்ள பெட்டியில் தட்டும் எண்ணைக் கம்ப்யூட்டர் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும் அவள் மண்டையில் ஏறவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது வாத்தியார் சலித்துக்கொண்டார்.

"ரெண்டும் மூணும் இங்க அஞ்சு இல்ல பெரியம்மா, இருபத்திமூணு. நம்பர்னு எழுதி அடைப்புக்குறிக்குள்ள போட்டாத்தான் எண்ணா மாறும். இல்லேன்னா கூட்டாது, ஒட்டும். இதுக்கு மேல இறங்கி வர எனக்குத் தெரியாது."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்போடு பாடமும் பசுமரத்தாணியாக இறங்கியது.

பண்ணையில் பொரிப்பு இயந்திரத்தின் சூட்டை மாற்றும் கம்ப்யூட்டர் பக்கத்தை முதலாளியின் மச்சினன் எழுதியிருந்தான். ஒருநாள் அந்த அறையைத் துடைக்கும்போது, அவன் திறந்து வைத்திருந்ததை அவள் படித்துவிட்டாள்.

"தம்பி, இதுல எண்ணா மாத்தவே இல்ல. சூட்டைக் கூட்டினா ஒட்டிக்கும்."

"கோடை முழுக்க இதுலதானே குறைச்சோம்? சரியாத்தானே வந்துச்சு?"

"கழிக்கும்போது அதுவே எண்ணா எடுத்துக்கும். கூட்டும்போதுதான் தம்பி..."

"நீ தட்டைக் கழுவு."

குளிர் வந்தது. ஒரு காலை, ஒரு டிகிரி கூட்டச் சொன்னார் முதலாளி. மச்சினன் ஒன்று என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். ஏற்கெனவே இருந்த முப்பத்தேழும் ஒன்றும் ஒட்டி முந்நூற்று எழுபத்தொன்று ஆனது. இயந்திரம் தன்னால் முடிந்த மட்டும் காய்ந்தது. இரைச்சல் தாங்கவில்லை என்று அபாய மணியின் வயரை அவன் முன்பே பிடுங்கிப் போட்டிருந்தான். மறுநாள் வெளிவர வேண்டிய பன்னிரண்டாயிரம் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே வெந்தன. சில ஓடுகளில் அலகு குத்திய துளை இருந்தது.

"கம்ப்யூட்டர்ல யாரு கை வச்சது?" என்றார் முதலாளி.

"அவதான் மாமா. துடைக்கிறேன்னு எதையோ நோண்டிட்டா," என்றான் மச்சினன்.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"நீ படிச்சது போதும். எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டுக் கிளம்பு."

அள்ளி முடிக்கப் பொழுது சாய்ந்தது. கை கொப்பளித்துவிட்டது.

மறுவாரம் மச்சினன் போன் செய்தான். "எண்ணா மாத்தணும்னு சொன்னியே, அதை எங்க போடணும்?"

சொன்னாள். நம்பருக்கு முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து என்பதையும் விடாமல் சொன்னாள். அவன் குறித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

"உனக்கு ரோஷமே கிடையாதா?" என்றார் கணவர்.

"சொல்லலேன்னா அடுத்த தடவையும் குஞ்சுங்கதானே வேகும்."

வகுப்புக்கு அவள் பிறகு போகவில்லை. வேலை கேட்ட இரண்டு இடங்களிலும் பண்ணையில் விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மச்சினன் இப்போது மூன்று பண்ணைகளுக்கு அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறான்.