விசில் ஊதும்வரை

ரொறன்ரோ டோர்செட் பார்க்கில், எங்கள் மாடிக் கட்டடத்துக்கு முன்னால், பஸ் சில நாட்களில் சும்மா நிற்கும். முந்தி வந்துவிட்டதால் நேரம் சரியாகும்வரை சாரதி காத்திருப்பார். ஒருவரும் கத்துவதில்லை. பின்னால் அதே இலக்க பஸ் இன்னொன்று வந்து நின்றால் நான் மட்டும் ஒதுங்கி நிற்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகை நிருபராக இருந்தபோது, அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே பயணிகளுக்காக மோதிக்கொண்டன. எது எப்போது புறப்படுவதென்று விசில் ஊதிச் சொன்னவன் என் மைத்துனன் குகன், பஸ் நிலைய ரைம்கீப்பர். ஒரு காலை, முறை தப்பிப் புறப்பட்ட தனியார் பஸ்ஸை மறித்தான். நடத்துநர் பஸ்ஸின் சில்லுக் கழற்றும் இரும்போடு இறங்கினான். முதல் அடியில் முழங்கை முறிந்தது. அடுத்ததில் தாடை. சீமெந்தில் கிடந்த பல்லைக் கடந்து பயணிகள் அதே பஸ்ஸில் ஏறினார்கள். பொலிசாரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குகனின் விசிலில் அதன்பிறகு காற்றுப் பிசிறியது.

இந்தக் கோடையில் அவன் ரொறன்ரோ வந்தான். அரசு, தனியார் பஸ்களுக்குப் பொதுவான நேர அட்டவணை அலுவலகம் ஒன்றை ஊரில் தொடங்குகிறார்கள், அவன்தான் பொறுப்பு. வெளிநாட்டு நிதியில் பயிற்சி, ‘நிறுவனத் திறன் வளர்ப்பு’ என்ற பெயரில். மொழிபெயர்க்க நானும் போனேன். இங்குள்ள பஸ் கட்டுப்பாட்டு அறையில் திரைகளைக் காட்டிய அதிகாரியிடம் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: “நான் பஸ்ஸை மறிக்க, அவன் எனக்கு அடிச்சா, ஆர் வருவினம்?”

அதிகாரி உற்சாகமாக, சாரதி இருக்கையைச் சுற்றிப் போட்டிருக்கும் கண்ணாடித் தடுப்பைப் பற்றி விளக்கினார்.

“கண்ணாடியைக் கேக்கேல்லை அத்தான். ஆளைக் கேட்டனான்.”

வீட்டில் என் மனைவி அழுதாள். “இஞ்சயே நில்லடா. இந்தமுறை மண்டையைப் பிளப்பாங்கள்.”

“நிண்டா அங்க விசிலை அடிச்சவனெல்லோ ஊதுவான், அக்கா.”

போய்விட்டான்.

நேற்று மாலை, அங்கே விடியல், புதிய அட்டவணையின் முதல் பஸ். குகன் என்னை அழைத்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் பஸ் தரிப்பிடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஹோர்ன். தூஷணம். “என்ன ரைம்கீப்பர், மிச்சப் பல்லும் வேண்டாமோ?” பிறகு இரும்பு விழும் சத்தம், குகனின் அலறல்.

என் முன்னால் பஸ் கதவைத் திறந்தது. என்னிடம் கட்டணம் இல்லையென்று நினைத்தாரோ, “பரவாயில்லை, ஏறுங்கள்” என்றார் சாரதி ஆங்கிலத்தில். வேண்டாமென்று தலையசைத்தேன்.

காதில் வைத்திருந்த போனில் ஒரு பெண் கத்தினாள்: “விடடா அவரை! அவர் ஊதாமல் நாங்கள் உதில ஏறமாட்டம்!” வேறு குரல்களும் சேர்ந்தன. யாரோ யாரையோ தள்ளி விழுத்துவது கேட்டது.

நேரம் சரியானதும் இங்கே கதவு மூடியது, பஸ் போய்விட்டது. வெறுமையான தரிப்பிடத்தில் நின்றேன். அங்கே விசில் ஊதியது, காற்றுப் பிசிறியபடி.