தனலெட்சுமி அக்கா மன்னிக்கவில்லை

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் ஃபெர்ரியில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பழைய தொழிற்சாலைக் குழுவில், "தனலெட்சுமி அக்கா போயிட்டாங்க. காலையில பாத்ரூம்ல விழுந்தாங்களாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வரத் தொடங்கின. நான் எதையும் அனுப்பவில்லை. கரை சேர்ந்ததும் நேராக டத்தோ கிராமாட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் உடலை எடுப்பதற்கு முன் உறவினர் ஒருவர் பேசினார். "சொந்தத் தம்பியை வெட்டிக் கொன்றவனையே மன்னித்த மனசு" என்றார். அழுகை கூடியது. அது பொய் என்று அந்த வீட்டுக்குள் எனக்கு மட்டும்தான் தெரியும். மறுத்துப் பேச வாய் வரவில்லை. அக்காவோடு வேலை செய்தவர்களும் பழகியவர்களும் படிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சரக்குச் சோதனை செய்தோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போன பிறகு தம்பி முரளியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான்.

அவர் சாதுவான பெண் அல்ல. புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர் வேலையைச் சொல்லிக் கொடுக்கும் சாக்கில் பெண்களை உரசுவார். ஒரு நாள் அவர் என் இடுப்பில் கை வைத்தார். அக்கா கையிலிருந்த இரும்புத் தட்டால் அந்தக் கையின் மேல் ஒரே போடு போட்டார். விரல் ஒடிந்துவிட்டது. அலுவலகத்தில் விசாரித்தார்கள். "புகார் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டார்கள். "மூணு தடவ கொடுத்தேன் சார். சில பேருக்குக் கையி வலிச்சாதான் காது கேக்குது" என்றார். மூன்று வாரம் வேலைக்கு வரக்கூடாது என்றார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முரளி சாகும்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கும்பலில் சேர்ந்திருந்தான். அதை விட்டு வெளியே வரப் பார்த்தான். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மூன்று பேர் அவனை பாலிக் புலாவுக்கு அழைத்துப் போய்ப் பாராங்கத்தியால் வெட்டினார்கள். இரண்டு பேர் எங்கேயோ ஓடிப்போனார்கள். ஒருவன் மட்டும் பிடிபட்டுச் சிறைக்குப் போனான்.

அந்த இடம் கடற்கரைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன ரப்பர் காடு. பால் வெட்டுவதை யாரோ எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நூறு மரங்கள் இருந்தால் அதிகம். பிப்ரவரியில் இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து, மரங்கள் மொட்டையாக நிற்கும். அக்கா வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் அங்கே போவார். முதலில் தனியாகப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு என் காரில் வந்தார்.

"ஏன்கா இந்த மாசம் மட்டும்?" என்று முதல் முறை கேட்டேன்.

"மத்த மாசம் ஒண்ணும் தெரியாதுலா. ரோட்டுலேருந்து அறுபது அடி கூட இல்ல, ரெண்டு நாள் கெடந்திருக்கான். எலை மறைச்சிருச்சு. இப்பப் பாரு, கடல் வரைக்கும் தெரியுது." சருகு நொறுங்க நடந்துகொண்டே சொன்னார். "பதினேழு வெட்டு கமலா. டாக்டர் எண்ணி எழுதியிருந்தாரு. முன்னால ஒண்ணுதான், அதுவும் கையில. மிச்சம் பதினாறும் முதுகுல. ஓடியிருக்கான்."

பூ போடவில்லை, விளக்கு ஏற்றவில்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போனார். எந்த மரத்தடி என்று போலீஸ் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. அதனால் எல்லா மரத்தையும் தொட்டார்.

மூன்றாவது முறை போனபோது ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். நாற்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அக்காவின் முன்னால் மண்டியிட்டான்.

"அக்கா, நான்தான். உள்ள பதினொரு வருஷம் இருந்துட்டு வந்துட்டேன். இந்த மாசம் நீங்க வருவீங்கன்னு பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரங்க சொன்னாங்க. என்னை மன்னிச்சிருங்கக்கா."

அக்கா அசையவில்லை. "எந்த மரம்?" என்று கேட்டார்.

அவன் கடல் பக்கம் இருந்த ஒரு மரத்தைக் காட்டினான்.

"மொத வெட்டு யாரு?"

"நான்தான்கா. கையில."

"அவன் என்ன சொன்னான்?"

"'அக்கா தனியா இருப்பாங்கண்ணே, விட்டுருங்க'ன்னான். அப்புறம் ஓடுனான்."

அக்கா கீழே கிடந்த கிளையை எடுத்து அவன் தோளில் அடித்தார். காய்ந்த கிளை, இரண்டாவது அடியில் முறிந்தது. ஹெல்மெட்டை எடுத்தார். முகத்தில் அடித்தார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, கத்தவும் இல்லை. அக்காதான் கத்தினார். நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அவர் முழங்கை என் வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. என்னை உதறிவிட்டு, இரண்டு கையாலும் ஒரு கல்லைப் பெயர்த்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

"போடுங்கக்கா" என்றான் அவன், குனிந்தபடியே.

அவர் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு கணம் போடட்டும் என்றும் நினைத்தேன். இதை இங்கே சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவள் ஆவேன்.

"எந்திரி" என்றார் அக்கா. "ஓடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஓடுடா! எந்தம்பி ஓடுன மாதிரி ஓடு!"

அவன் எழுந்து ஓடினான். அக்கா எறிந்த கல் அவன் முதுகில் விழுந்தது. தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடினான். அதுவரை அடிக்கு அசையாமல் இருந்தவன் அப்போதுதான் பயந்தான். இலை இல்லாத காடு. கடைசி மரம் தாண்டி மணலில் இறங்கும் வரை அவன் ஓடுவது முழுதும் தெரிந்தது. அக்கா இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

பாலிக் புலாவ் கடைத்தெருவில் காரை நிறுத்தி, ஜாதிக்காய் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அவர் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

"இப்ப மனசு கொஞ்சம் தேவலையாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. முரளி எப்படி ஓடியிருப்பான்னு இத்தன வருஷம் தெரியாம இருந்துச்சு. இப்பக் கண்ணால பாத்துட்டேன். பாத்திருக்க வேணாம்." உரிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "கொல்லல, அவ்வளவுதான். மன்னிக்கல. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார்.

அவன் போலீசுக்குப் போகவில்லை. அக்கா தன்னை மன்னித்துவிட்டதாகக் கோயிலிலும் அவர் சொந்தக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஊர் நம்பியது. நான் கொதித்துப் போய் அக்காவிடம் சொன்னேன். "அவன் சொல்லட்டும். மன்னிச்சிட்டேன்னு நீ சொல்லாத" என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பிப்ரவரியும் போனோம். அவன் வரவில்லை.

சாவு வீட்டுக்கு அவன் வந்திருந்தான். உள்ளே வராமல் தெருமுனையில் நின்றான். உடல் போன பிறகு என்னிடம் வந்தான். "அக்கா என்னைப் பத்திக் கடைசியா எதாச்சும் சொன்னாங்களா?"

"மன்னிக்கலன்னு சொன்னாங்க. அப்பவே சொன்னாங்க."

"தெரியும்கா" என்றான். "மன்னிச்சிட்டாங்கன்னு சொல்லச் சொல்ல எனக்கே நெசமாட்டம் ஆயிருச்சு."

"உள்ள பேசுனாங்களே, அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். நானும் உள்ளே போய்ச் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பதினாறாம் நாள் காரியத்தில், அதே உறவினர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்கதான் கூடவே இருந்தவங்க. இப்ப மனசு தேறிடுச்சாம்மா?" என்று அன்பாகக் கேட்டார். தேறிவிட்டது என்று சொல்வதுதான் வழக்கம். கேட்டவருக்கும் அதுதான் நிம்மதி.

"இல்ல" என்றேன். "அக்காவும் அவனை மன்னிக்கல."

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேறு ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த "இல்ல"தான்.