பன்னிரண்டு நிமிடச் சாரதாமணி

மூன்று உலகத்திலும் சாரதாமணியைப் போல் சோறு போட ஆள் கிடையாது. ராக்கெட் விடுகிறவர்கள் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி முடிப்பதற்குள் சாரதாமணி நாற்பது இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்து, சாம்பாரும் ஊற்றியிருப்பார். மின்னல் ஒருமுறை அவருடைய மெஸ்ஸுக்கு மேல் வெட்டப் பார்த்து, கீழே நடப்பதைக் கவனித்து, வெட்கப்பட்டு மேட்டூர்ப் பக்கம் போய்விட்டது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மின்னலுக்கு மட்டும் சாட்சி இல்லை.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், ரோட்டோரம் இருக்கிறது அந்த மெஸ். உள்ளே சமைப்பது அவருடைய வீட்டுக்காரர் மணியன். வெளியே மற்ற எல்லாமும் சாரதாமணி. முப்பது வருடம் வெளியூர் பஸ்கள் அங்கேதான் சாப்பாட்டுக்கு நின்றன. ‘வண்டி பதினஞ்சு நிமிசம் நிக்கும்’ என்று கண்டக்டர் கத்துவார். ஆட்கள் இறங்கிக் கை கழுவ மூன்று நிமிடம் போய்விடும். மீதி பன்னிரண்டுதான் சாரதாமணியின் கணக்கு.

அவர் கடிகாரம் பார்த்ததில்லை. பக்கத்து அறையில் தனியாகச் சாப்பிடுகிற டிரைவரின் முழங்கையைத்தான் பார்ப்பார். டிரைவர் ரசத்துக்கு வந்தால் இங்கே எல்லா இலைக்கும் ரசம் வந்துவிட வேண்டும். டிரைவர் மோர் கேட்டால், ‘வெசயா சாப்டுங்க சாமி, எந்திரிங்க, வண்டி போயிரும்’ என்று ஆரம்பித்துவிடுவார். சிலர் முறைப்பார்கள். காசை வாங்கிக்கொண்டு விரட்டுகிறாளே என்பார்கள்.

விஷயம் அதுவல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். ஹாரன் அடித்துவிட்டது. அவள் எழுந்து, இலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள். அந்தப் பார்வையைச் சாரதாமணியால் கழுவிப் போட முடியவில்லை. அன்றிலிருந்து, அவருடைய மெஸ்ஸில் யாரும் பாதிச் சோற்றில் எழுந்ததில்லை. விரட்டி விரட்டி வயிற்றை நிரப்பிவிடுவார்.

பிறகு மேம்பாலம் வந்தது. பஸ்கள் தலைக்கு மேல் போயின. நாற்பது இலை நான்கு இலையானது. திருப்பூரிலிருக்கும் மகள், ‘கடையச் சாத்திட்டு ரெண்டு பேரும் இங்க வந்து டிவி பாத்துட்டு உக்காந்திருங்க’ என்று போனில் சொன்னாள். உட்கார்ந்திருங்க என்ற சொல்லைக் கேட்டதும் சாரதாமணிக்கு முதுகில் சில்லென்றது.

அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து ஒரு கம்பெனியின் ஆளாக அபிநயா வந்தாள். இருபத்தைந்து வயது, வெயிலில் கறுத்த முகம், கையில் டேப். “கரண்டுக் காருக்குச் சார்ஜர் வெக்கறோங்க அக்கா. மெஷின் எங்களுது, இடம் உங்களுது. காருக்குச் சார்ஜ் ஏற முக்கா மணி நேரம் ஆகும். அது வரைக்கும் ஜனங்க உங்க கடையிலதான் இருக்கணும். ஆறு மாசம் பாப்போம். கார் வரலீன்னா மெஷினப் புடுங்கிட்டுப் போயிருவாங்க.”

“வரும், வரும். காரு வந்தா சோறு போடறது என்ற பாடு” என்றார் சாரதாமணி. முக்கால் மணி என்பது அவர் காதில் விழவே இல்லை.

முன்பு பஸ்கள் நின்ற இடத்தில் ஆளுயர மெஷின் ஒன்று நின்றது. சாரதாமணி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். மெஷின் போனால் கடையும் போகும். அது அவருக்கும் தெரியும், அடுப்படியில் பருப்பு கிண்டிக்கொண்டிருந்த மணியனுக்கும் தெரியும்.

முதல் கார் பெங்களூரிலிருந்து வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. சார்ஜில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. சோறு, சாம்பார், கூட்டு, ரசம். புருஷன் இந்தப் பக்கம் ‘கொஞ்சம்’ என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் மோர் வந்துவிட்டது.

“வெசயா சாப்டுங்க சாமி, எந்திரிங்க, வண்டி போயிரும்.”

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். “எங்க வண்டி எங்கம்மா போகும்? நான்தானே டிரைவர்!”

சாரதாமணி கையில் மோர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. டிரைவரும் இங்கேயே, சாப்பிடுகிறவரும் இங்கேயே, ஹாரன் அடிக்க ஆளே இல்லை. வண்டி போகாது! போகாத வண்டிக்காரர்களுக்கு எப்படிச் சோறு போடுவது? அவர் நிற்கிற நிலையிலேயே அவருடைய கை தன் பாட்டுக்கு நீண்டு இலையை மடித்து எடுத்துவிட்டது. அந்தக் குடும்பம் மீதி முப்பத்தைந்து நிமிடமும் மொட்டை வெயிலில் கார் பக்கத்தில் நின்றது.

“ஏம்புள்ள, இன்னும் கொஞ்சம் மெதுவா போடேன்” என்றார் மணியன்.

“நான் மெதுவாத்தானுங்க போடறேன். கை கேக்க மாட்டீங்குது.”

மெய்தான். மறுநாள் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். இடது கை இலையை எடுத்தது. கல்லாவில் உட்கார்ந்து பார்த்தார். வாய், ‘எந்திரிங்க’ என்றது. வந்த கார்க்காரர்கள் மறுமுறை வரவில்லை. ஐந்தாவது மாதம் அபிநயா வந்தபோது முகம் சரியில்லை.

“அக்கா, இந்த மாசம் ஏழு காருதான். கம்பெனியில லிஸ்ட் போட்டுட்டாங்க. அடுத்த மாசக் கடைசியில புடுங்கறதுக்கு வண்டி வருது.”

“சோத்துல கொறைங்களா?”

“சோத்துல ஒண்ணுமில்லீங்க. உக்கார உட மாட்டீங்கறீங்கன்னு சொல்றாங்க.”

அன்று சாயங்காலம் சாரதாமணி பாத்திரம் கழுவிய சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை வரை கேட்டது. வழக்கமாக வேகமாகக் கேட்கும் சத்தம், அன்று விட்டு விட்டுக் கேட்டது.

நான்கு நாள் கழித்து, சனிக்கிழமை பதினோரு மணிக்கு, மெஸ் வாசலில் மூன்று கார் நின்றது. ஒன்று சார்ஜில், இரண்டு வரிசையில். உள்ளே வந்தவர்கள் சாரதாமணியைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் போனை எடுத்து மேசை மேல் நிறுத்தி வைத்தார். அதில் நொடிகள் ஓடின.

சாரதாமணி வழக்கம் போல் போட்டார். மோர் வந்தது. “எந்திரிங்க சாமி.”

“மாட்டோம்” என்றது மேசை மொத்தமும்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எந்திரிங்க, வண்டி...”

“போகாதுங்கம்மா. இன்னொரு ரசம் ஊத்துங்க.”

ஊற்றினார். பதினான்கு நிமிடத்தில் ஒருவர் தோற்று எழுந்தார். சுற்றியிருந்தவர்கள் ‘ஓ’ போட்டார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் பெரிய உடம்புக்காரர் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சாரதாமணியின் முகத்தைப் பார்க்காமலே முப்பத்தொரு நிமிடம் தாக்குப் பிடித்தார். கைதட்டல் விழுந்தது. அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

“ஏனுங்க, இதுகளுக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று சாரதாமணி அடுப்படிக்குள் ஓடினார்.

“கிறுக்கோ, கிழக்கோ, சோறு தீந்து போச்சு. உலை வெக்கட்டுமா?” என்றார் மணியன். அவர் அப்படிக் கேட்டு ஆறு வருடமாகியிருந்தது.

ஞாயிறு ஒன்பது கார். அடுத்த வாரம் சேலம், ஈரோடு, கரூர். தோற்றவர்கள் பழிவாங்கத் திரும்பி வந்தார்கள், கூடவே மாமனாரையும் கூட்டிக்கொண்டு. சாரதாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரட்டினார், அவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததால் பசித்தது, பசித்ததால் ஆம்லெட் கேட்டார்கள்.

அடுத்த மாதக் கடைசியில் மெஷினைப் பிடுங்க வண்டி வரவில்லை, அபிநயா வந்தாள். “அக்கா, எங்க மேனேஜரே ஆடிப் போயிட்டாரு. இன்னொரு மெஷின் வெக்கச் சொல்லிட்டாரு!”

சாரதாமணி பக்கத்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “மெய்யாலுமா கண்ணு?” என்று மூன்று முறை கேட்டார். பிறகு, “எதனாலடி?” என்றார்.

“உங்களுக்குத் தெரியாதா? நான் வந்துட்டுப் போன மறுநாளு, எங்க கம்பெனி ஆப்புல இந்தக் கடையப் பத்தி ஒருத்தரு எழுதிருக்காரு. பேரு ‘ஃபுல் சார்ஜ் புலவர்’.” படித்தாள். “‘எச்சரிக்கை. இங்கே சாப்பாடு சொர்க்கம். ஆனால் இந்தச் சொர்க்கத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தவர் தமிழ்நாட்டிலேயே கிடையாது. அம்மா எழுப்பிவிடுவார். வீரம் இருந்தால் வாருங்கள்.’”

எழுத்து என்றால் அது எழுத்து. யார் எழுதியதோ, தங்கக் காப்பு போடலாம்.

சாரதாமணிக்கு முகம் சிவந்தது. “என்னைய வெச்சு விளையாட்டா? எவன் அவன்? எந்த ஊருக் காரு?”

“அதாங்க ஆச்சரியம். சார்ஜ் போட்ட எல்லாப் பேரும் எங்ககிட்டப் பதிவாகும். இந்தப் பேருல ஒரு காரும் வரலீங்க. இருங்க, இன்னும் இருக்குது.” அபிநயா விரலால் தள்ளிப் படித்தாள். “‘ஒன்று மட்டும் சொல்கிறேன். சில நாள் சோற்றுக்கு அடியில் ஒரு அவித்த முட்டை ஒளிந்திருக்கும். கேட்காதீர்கள். கேட்டால் திட்டு விழும். அந்த அம்மா நல்லவர் என்பது வெளியே தெரியக் கூடாது.’”

சாரதாமணியின் கை ஸ்டூலிலிருந்து நழுவியது.

“என்ன முட்டை?” என்று அடுப்படியிலிருந்து மணியன் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க, உங்க வேலையப் பாருங்க” என்றார் சாரதாமணி. அவர் சோற்றுக்கு அடியில் முட்டை வைத்தது இந்த உலகத்தில் ஒரே ஓர் இலைக்குத்தான். மணியனுக்குக்கூடத் தெரியாது.

அவர் திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில், எதிர்த்த பஞ்சர் கடை இளவழகன் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நாற்பது நிமிடம் ஆகியும் எழாமல், எச்சில் கையை ஒரு பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். இவனை மட்டும் தான் ஒரு நாளும் எழுப்பியதில்லை என்பது அப்போதுதான் சாரதாமணிக்கே உறைத்தது.

அவர் நடந்து வந்த வேகத்தில் இந்த வரியை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு நோட்டை மூட நேரம் கிடைக்கவில்லை. சாரதாமணி குனிந்து நோட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கிரீஸ் படிந்த அவன் கையைப் பார்த்தார்.

“ஏனுங் புலவரே,” என்றார், “உங்க காரு எந்தப் பக்கமுங்க நிக்குது?”