பூஜையில் வைத்த கார்புரேட்டர்கள்

அந்தக் காரைப் பற்றி யாராவது "ராஜா வண்டியாக்கும்" என்று புகழ்ந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜா வண்டியாம், மண்ணாங்கட்டி! நாற்பத்தெட்டில், மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி அது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துப் போர்த்த ஒரு கான்வாஸ் உண்டு; அதைப் போர்த்தி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். நான் அப்போது நாகர்கோவில் கோர்ட்டில் புது வக்கீல். எங்கள் ஊர் தோவாளைக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே. அந்தப் பச்சை வண்டியில் கோர்ட் வாசலில் போய் இறங்கினால் கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, முன்சீப்பும் எட்டிப் பார்ப்பார். அந்தப் பவிசுக்கு மயங்கித்தான் வாங்கினேன், வேறொன்றுமில்லை.

வாங்கின பிறகுதான் தெரிந்தது, நான் அதை வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் என்னை வைத்திருந்தது. சக்கரங்களில் சைக்கிள் போலக் கம்பிகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் அது தளர்ந்த கம்பி. தகரத்துக்கு உள்ளே உடம்பு முழுக்க மரச்சட்டம். நம் ஊர்க் கறையானுக்குச் சீமை மரம் என்றால் கொள்ளை ருசி. கார்புரேட்டர் இரண்டு, இரண்டும் ஒரே அளவில் மூச்சு விட வேண்டும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, இந்த வாயிலும் அந்த வாயிலும் மாற்றி மாற்றிக் கேட்டுத் திருகுவேன். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் மதராஸுக்கு எழுதிவிட்டு இரண்டு மாதம் தவம் கிடக்க வேண்டும். நம்மூர் லாரிக்காரர்களின் ஸ்பேனர் ஒன்றுகூட அதன் நட்டுகளில் பிடிக்காது. துரை தோல் உறையில் சுருட்டிக் கொடுத்த ஸ்பேனர்களே கதி.

நடுவழியில் நின்றுபோனால் தள்ளுவதற்கு எனக்கு ஓர் ஆள் இருந்தார். எங்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்புகிறவர், நாற்பது வயசிருக்கும். அவர் மனைவி எங்கள் முற்றத்தில் நெல் குத்துவாள். தள்ளித் தள்ளி அவருக்கு வண்டியின் குணம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "சின்னப் பண்ணையாரே, இது பெட்ரோலுல ஓடல்ல, நம்ம கஞ்சித் தண்ணியிலயாக்கும் ஓடுது" என்பார். ஆனால் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. நானும் "ஏறி உட்காரும்" என்று சொன்னதில்லை.

வாங்கி மூன்றாவது வருஷம், நவராத்திரி. எங்கள் பக்கத்தில் அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகம், கணக்கு நோட்டு, அரிவாள், கலப்பைக் கொழு எல்லாவற்றையும் பூஜை அறையில் பட்டு விரித்து வைத்துக் கதவைச் சாத்தினால், விஜயதசமி காலை பூஜை எடுக்கிற வரைக்கும் ஒன்றையும் தொடக்கூடாது. எழுதக்கூடாது, படிக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது; வயலுக்குத் தண்ணீர் திருப்புவதும் நெல் குத்துவதும் மட்டும் நிற்காது. அந்த அஷ்டமி காலையில்தான் நான் இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்திருந்தேன். திரும்ப மாட்ட ஒரு மணி நேரம் போதும். மாட்டியிருக்கலாம். ஆனால் அவை துலக்கின வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று இருந்தன. ஊர்க்காரர்கள் பூஜை பார்க்க வருவார்கள், பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று ஒரு கொழுப்பு. ஸ்பேனர்களையும் கார்புரேட்டர்களையும் நானே கொண்டுபோய், சந்தனம் தொட்டு, கொழுவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் நவமி. நடுப்பகலுக்கு, தண்ணீர் திருப்புகிறவரை நான்கு பேர் எங்கள் முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். வரப்பில் நல்ல பாம்பு. கணுக்காலுக்கு மேலே துணியால் கட்டியிருந்தார்கள். அவருக்கு நினைவு இருந்தது. கண் இமைதான் சரிந்து சரிந்து விழுந்தது.

அவர் மனைவி உலக்கையைப் போட்டுவிட்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். "சின்னப் பண்ணையாரே, அந்த வண்டியில ஒண்ணு ஆஸ்பத்திரியில கொண்டு விடும். ஒம்ம காலப் பிடிக்கேன்."

நாகர்கோவில் ஒன்பது மைல். கார்புரேட்டரை மாட்டிப் புறப்பட்டாலும் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். பூஜை அறை வாசலுக்கு ஓடினேன். அம்மா குறுக்கே நின்றாள்.

"மக்கா, வேண்டாம். பூசை வச்சத நடுவுல எடுத்தா குடும்பம் வெளங்காது."

"உசிரு போவுதும்மா!"

"விசகாரிக்கு ஆள் விட்டாச்சு. வந்து மந்திரிப்பாரு."

அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "மாட்டு வண்டியப் பூட்டச் சொல்லுலே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் ஒனக்க பக்கத்துல சமமா இருந்து வாறதா? ஊருல நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்றார்.

அந்தக் கதவுக்குப் பூட்டுக்கூட கிடையாது, வெறும் கொண்டிதான். என் கை அதன்மேல் இருந்தது. அம்மாவைத் தோளைப் பிடித்து நகர்த்தியிருந்தால் நகர்ந்திருப்பாள், அவ்வளவு மெலிந்த உடம்பு. நான் நகர்த்தவில்லை. தெய்வத்துக்குப் பயந்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அப்பா முகத்துக்குப் பயந்தேன், ஊருக்குப் பயந்தேன். சீ, இதையெல்லாம் எழுதும்போதே கை கூசுகிறது.

மாட்டு வண்டியில் நானும் கூடப் போனேன். அவர் தலை அவர் மனைவியின் மடியில். வழியெல்லாம் ஒரே வார்த்தை, "வண்டி என்ன ஆச்சு? பெட்ரோல் இல்லியா?" என்று குழறிக் குழறிக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். தோவாளை தாண்டும்போது பேச்சு நின்றது. ஒழுகினசேரிப் பாலம் ஏறும்போது மூச்சும் நின்றது. மாடுகள் தம்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தார்கள். அரிசியில் எழுதினார்கள். பொரியும் சுண்டலும் தின்றார்கள். நான் கார்புரேட்டர்களை மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. "பாத்தியாலே, பூசை வச்ச பலன்!" என்றார் அப்பா. நான் எஞ்சினை அணைத்துவிட்டுக் கான்வாஸை இழுத்து மூடினேன்.

தண்ணீர் திருப்புகிறவரின் மனைவி, பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் நெல் குத்த வந்துவிட்டாள். வயிறு இருக்கிறதே. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. வண்டியை விற்றுத் தொலைக்கலாம் என்று பார்த்தேன், வாங்க ஆளில்லை. அதற்குப் பிறகு வண்டியின் பாகம் எதையும் நான் பூஜைக்குக் கொடுக்கவில்லை. ஸ்பேனர்களை மட்டும் அம்மா வந்து எடுத்துப் போவாள். அதற்கும் மாட்டேன் என்று சொல்லும் முதுகெலும்பு எனக்கில்லை.

இரண்டு வருஷம் கழிந்து, அதே நவராத்திரி, நவமி காலை. அப்பா குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடையில் சரிந்தார். வேர்வை ஆறாக ஓடியது. வண்டிக்கு ஓடினேன்; பெட்ரோல் ஏறவில்லை. பம்ப்பைத் திறந்து தட்டினால் சரியாகும், முன்பும் இரண்டு தடவை ஆகியிருக்கிறது. ஸ்பேனர்கள் உள்ளே.

நான் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அம்மாவே ஓடிப்போய்க் கொண்டியை இழுத்துக் கதவைத் திறந்தாள். பட்டையும் பூவையும் வாரித் தள்ளிவிட்டுத் தோல் உறையை எடுத்து என் கையில் திணித்தாள். "பாத்துக்கிட்டு நிக்கியே, போலே! சாமி ஒண்ணும் சொல்லாது!"

பம்ப் சரியானது, ஆனால் பாட்டரி தளர்ந்து, கைப்பிடியைச் சுழற்றியும் பிடிக்கவில்லை. அப்பாவைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தோம். முற்றத்தில் நின்ற எல்லோரும் வந்து தள்ளினார்கள். அவளும் உலக்கையை வைத்துவிட்டு வந்து தள்ளினாள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அவள் முற்றத்தில் உமியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிய பண்ணையாருக்கு எப்படி இருக்கு?"

"பொழச்சிட்டாரு."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு நடை வழியாக உள்ளே பார்த்தாள். பூஜை அறையை யாரும் இன்னும் சாத்தவில்லை.

"அப்பம், நடுவுல அந்தக் கதவு தொறக்கும், இல்லியா?"

"தொறக்கும்" என்றேன்.