வண்டி வராத நாளின் பவுடர்

அந்தத் தகர டப்பாவின் மூடியைத் திருகினால் 'கிர்ரீச்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் அடங்குவதற்குள் ரோஜாப்பூ வாசனை அடுப்படி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுப்பாடத்தின் நடுவிலோ சாப்பாட்டின் நடுவிலோ அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தெருமுக்குக்கு ஓடிவிடுவேன். அம்மா பவுடர் போடுகிறாள் என்றால் அப்பா வருகிறார் என்று பொருள்.

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் 'ரிக்' வண்டிக்காரர்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த லாரிகளோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் இங்கே எங்கள் வீடுகளில் ஆள் நடமாட்டம் வரும். என் அப்பா ஒரு வண்டியில் 'டிரில்லர்', அதாவது துளை போடும் இயந்திரத்தை இயக்குகிறவர். எதிர்வீட்டுச் சரசு அத்தையின் வீட்டுக்காரர் அதே வண்டிக்கு டிரைவர். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

ஆண்கள் ஊரில் இல்லாத நாட்களில் பெண்கள் முகத்துக்கு மஞ்சளையும் நெற்றிக்குப் பொட்டையும் தவிர வேறெதுவும் வைத்துக்கொள்ளக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் கல்யாணம் காட்சி தவிர்த்து யாரும் வைத்துக்கொள்ளவும் இல்லை. வண்டி வருகிற நாளில் மட்டும் பயத்தமாவு தேய்த்துக் குளித்து, 'ஸ்னோ' கிரீம் தடவி, பவுடர் பூசி, மை தீட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். அந்த முகத்தைப் பார்த்ததுமே போகிறவர் வருகிறவர் எல்லாம், "ஏனுங்க, வண்டி வருதுங்களா?" என்று கேட்பார்கள். எங்கள் தெருவுக்குத் தந்தியும் தபாலும் வேண்டியிருந்ததில்லை. பெண்களின் முகமே போதுமானதாக இருந்தது.

அம்மாவுக்கு இந்தச் சாமான்கள் மேல் கொள்ளைப் பிரியம். கிளிசரினையும் பன்னீரையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து ஒரு பாட்டிலில் குலுக்கி வைத்திருப்பாள். கஸ்தூரி மஞ்சளைத் தானே இடித்துச் சலிப்பாள். தேரோடும் வீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த பாய் புதிதாக ஏதாவது வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால், வாங்காவிட்டாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வருவாள். எல்லாம் சன்னலோரத்தில் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு மேலே கண்ணாடி. அது கடையில் வாங்கியது அல்ல, பழைய ரிக் வண்டியிலிருந்து அப்பா கழற்றிக்கொண்டு வந்த 'சைடு கண்ணாடி'. கொஞ்சம் புடைத்த கண்ணாடியாதலால் கிட்டப் போனால் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். அதே சமயம் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வாசல், தெரு, எதிர்வீட்டு வேப்பமரம் எல்லாம் சின்னதாக அதற்குள் அடங்கிவிடும். அம்மா அதில் முகம் பார்ப்பதைக் கண்டால் எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த வருஷம் வடக்கே மழை தள்ளிப்போனது. வண்டிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் போன் வந்திருந்தது. அதில் அப்பாவின் குரல் வரும், "நாளைக்குக் கெளம்பறோம் புள்ள" என்று. அம்மா குளித்துத் தயாராவாள், நான் முக்கில் போய் நிற்பேன். மறுபடியும் போன் வரும்: "இன்னொரு பாயிண்டு கெடைச்சிருச்சு புள்ள, முடிச்சுப்போட்டு வாரேன்." பாயிண்டு என்றால் துளை போட வேண்டிய இடம். யாருடைய காட்டிலோ தண்ணீர் வேண்டியிருந்தது, அதனால் எங்கள் வீட்டில் அம்மா தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவ வேண்டியிருந்தது. சும்மா கழுவ மாட்டாள், சட்டிக்கரியைத் தேய்க்கிற மாதிரி தேய்ப்பாள். எனக்கு அப்பா மேல் கோபம், போன் மேல் கோபம், தண்ணீர் கேட்கிற அந்த முகம் தெரியாத ஆட்கள் மேலும் கோபம். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது; முக்குக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துபோனது.

அப்படி ஒருமுறை கழுவிய மறுநாள் சாயங்காலம், போனே வராமல், 'கிர்ரீச்' சத்தம் கேட்டது. வழக்கம்போல ஓடினேன். தெருவிளக்கு எரியும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "வண்டி எங்கம்மா?" என்றேன்.

"எந்த வண்டி?"

"பவுடர் போட்டிருக்கறயே?"

"சும்மாதான் சாமி போட்டேன். மூஞ்சி என்ன உங்கப்பனுதா? என்ற மூஞ்சிதான?"

அந்தப் பதில் எனக்குப் புரியவில்லை. ஏமாந்து நின்ற ஆத்திரத்தில் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். ஆனால் அம்மா நிறுத்தவில்லை. அடுத்த நாளும் போட்டாள், அதற்கடுத்த நாளும் போட்டாள். வேலையெல்லாம் முடிந்து வெயில் சாய்கிற நேரத்தில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, யாருக்கும் அவசரமில்லாத ஒரு வேலையைச் செய்கிற மாதிரி நிதானமாகச் செய்தாள்.

என்னிடம் சொன்ன பதிலைத் தெருவிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. சரசு அத்தை வாசலில் நின்று, "ஏம்புள்ள, வண்டி வருதா?" என்று கேட்டபோது அம்மா தடுமாறி, "ஆமாங்க்கா, வருதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டாள். அத்தை வீட்டில் போன் கிடையாது. எங்கள் வீட்டுச் சேதிதான் அவளுக்கும் சேதி. உடனே தலைக்கு ஊற்றிக்கொண்டாள், கோழிக்குச் சொல்லிவிட்டாள், பவுடர் பூசிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் தெரியும் வண்டி வராது என்று. அதைச் சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள், சொல்லாவிட்டால் அத்தை உட்கார்ந்தே இருப்பாள். சன்னலுக்கும் கதவுக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அத்தை கேட்டபோது அம்மா, "இன்னொரு பாயிண்டாமாங்க்கா" என்று சமாளித்தாள். அதற்கப்புறமும் ஒருமுறை அதே கேள்வி, அதே பதில், அதே கோழி. அதற்கடுத்த முறை அத்தை எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள். வாடிய பூவைத் தலையிலிருந்து பிய்த்துக் கையில் வைத்திருந்தாள்.

"உன்ற மூஞ்சியப் பாத்துத்தான புள்ள நான் தலைக்கு ஊத்துனேன்! யாருக்குடி தெனமும் இந்தச் சிங்காரம்?" என்று கேட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை நேரே முக்கிலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போய், வண்டி மேனேஜரின் செல்போனுக்குப் பேசி, தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. அம்மா யாருக்கோ சிங்காரித்துக்கொள்கிறாள் என்று பேசிக்கொண்டிருந்த தெரு, எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. எனக்குப் பயம். அப்பா நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது; அவரை முழுதாகத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் ஒருபோதும் வீட்டில் இருந்ததில்லை. "போடாதம்மா, கழுவிரும்மா" என்று கெஞ்சினேன். அம்மா, "இப்பக் கழுவுனா அவங்க சொல்றது நெசமாயிரும் சாமி" என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினாள். ஆனால் அந்த வாரம் முழுக்க மை கோணலாகவே போனது, துடைத்துத் துடைத்துக் கண்ணோரம் புண்ணாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் முக்கில் நின்றுகொண்டிருந்தபோது ஈரோட்டு பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார். வண்டி இல்லை, மழைக்காலமும் இல்லை, தோளில் ஒரு பை மட்டும். துளை போடும்போது பறக்கிற கல்தூள் தலைமுடியிலும் புருவத்திலும் காதுமடலிலும் அப்பியிருந்தது. வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் அவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவை எச்சரிக்க வேண்டுமென்றுதான் ஓடினேன், ஆனால் மூச்சு வாங்கியதில், "அம்மா… அப்பா…" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அம்மா கண்ணாடி முன்னால் இருந்தாள். ஒரு கண்ணுக்கு மை தீட்டி முடித்திருந்தாள். அந்தப் புடைத்த கண்ணாடிக்குள் வாசல் தெரிந்தது. வாசலுக்கு அப்பால் அத்தையும் இன்னும் சிலரும் கூடி நிற்பது தெரிந்தது. அவர்களுக்கு நடுவிலிருந்து அப்பா சின்னதாகப் புறப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"யாருக்குப் புள்ள இதெல்லாம்?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அம்மா திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளேயே அவரைப் பார்த்து, "உக்காருங்க. இன்னொரு கண்ணு பாக்கி இருக்குது" என்றாள்.

அப்பா நின்றார். தெருவும் நின்றது. பிறகு அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா கீழிமையை இழுத்துப் பிடித்து, உள்ளோரத்திலிருந்து வெளியோரம் வரைக்கும், ஒரு வாரமாகக் கோணல் போட்ட அந்தக் கையால் ஒரே கோடாக இழுத்தாள். எங்களை மாதக்கணக்கில் காக்க வைத்த மனிதர் ஒரு கண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது.

முடித்துவிட்டுத் திரும்பி, "எனக்குத்தானுங்க" என்றாள். பிறகு கொடியிலிருந்த துண்டை உருவி அவரிடம் நீட்டி, "என்ற டப்பாவுல இருக்கறத விட உங்க மூஞ்சில பவுடரு அதிகமா இருக்குது. போயிக் கழுவீட்டு வாங்க, சோறு போடறேன்" என்றாள். அப்பா துண்டை வாங்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார். அங்கே அவர் சிரித்தாரா, வெறுமனே தண்ணீரைக் கொப்பளித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் அம்மா முழு ஒப்பனையோடு தெருவைக் கடந்து அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாள். "வண்டி வரலீங்க்கா. சும்மாதான் போட்டிருக்கறேன். பொய் சொன்னது தப்புதான். இனி என்ற மூஞ்சியப் பாத்து ஏமாந்துக்காதீங்க" என்றாள். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "இல்லீங்க, சும்மாதானுங்க." கேட்டவர்கள் கொஞ்ச நாள் முகத்தைச் சுளித்தார்கள், அப்புறம் சலித்துப்போய்க் கேட்பதை விட்டார்கள். வெகு நாள் கழித்து, மழைக்கு வந்த வண்டிகள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, சரசு அத்தை ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்குள் வந்து, "அந்தப் பவுடரக் கொஞ்சம் குடு புள்ள" என்றாள். கண்ணாடி முன்னால் பூசிக்கொண்டாள், இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினாள்.

இப்போது ரிக் வண்டிகள் அந்தத் தெருவுக்குள் வருவதில்லை, ஊருக்கு வெளியே புறவழிச்சாலையோரம் நிற்கின்றன. வண்டி எங்கே இருக்கிறதென்பதைச் செல்போனே காட்டிவிடுகிறது. வாசல்களுக்கு இரும்புக் கேட் வந்துவிட்டது. உள்ளிருந்து உதட்டுச்சாயத்தோடு பெண்கள் ஸ்கூட்டரில் கிளம்பிக் கல்லூரிக்கும் மில் ஆபீசுக்கும் போகிறார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நல்லதுதான். பவுடர் டப்பாவும் பிளாஸ்டிக்காகிவிட்டது, திறந்தால் சத்தம் வருவதில்லை. அது மட்டும் எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது.

நான் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். காலையில் ஃபேஸ்வாஷ், சீரம், சன்ஸ்கிரீன் என்று வரிசையாகத் தடவிக்கொண்டு, மை தீட்டிக்கொண்டு, லிஃப்டில் இறங்கும்போது மேல்மாடிக்காரம்மா, "என்னங்க மேடம், ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்கிறார். "ஆமாங்க, ஆபீஸ்ல ஒரு ஃபங்ஷன்" என்று என் வாய் சொல்லிவிடுகிறது. ஆபீசில் ஒரு ஃபங்ஷனும் இல்லை. கீழ்த்தளம் வருவதற்குள் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்துவிடும், ஆனால் அடுத்த முறையும் அதையேதான் சொல்கிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை செய்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் அப்பா சொட்டு மருந்துப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா அந்தப் பழைய லாரிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அறுவை செய்யாத கண்ணில் மட்டும் மை.

"மை போடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியுட்டாரு சாமி. சரிங்க, இந்தக் கண்ணு பாக்கி நிக்கட்டும், அந்தக் கண்ணுக்குப் போட்டுக்கறேன்னு அவருகிட்டயே சொல்லிப்போட்டு வர்றா உங்கம்மா" என்றார் அப்பா, குறை சொல்கிற குரலில், ஆனால் பெருமையாக.

கண்ணாடிக்குள் வாசலில் நின்ற என்னை அம்மா பார்த்துவிட்டாள். என் மையையும் உதட்டையும் அந்த ஒற்றைக் கண்ணால் மேலும் கீழுமாக அளந்தாள். பிறகு, தெருவே மறந்துவிட்ட கேள்வியைக் கேட்டாள்.

"ஏஞ்சாமி, வண்டி வருதா?"

ஃபங்ஷன் என்று சொல்லத் தயாராக இருந்த நாக்கை அடக்கிக்கொண்டேன்.

"இல்லம்மா. சும்மாதான்."