என் கணுக்காலை மறைக்காத விண்ணப்பம்

செருப்புக் கழன்றதை நான் அறியவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த தோழிதான் அதைக் கையில் எடுத்துவந்து தந்தாள். எண்பத்துநான்காம் ஆண்டு, எனக்குப் பதினெட்டு வயது. நானூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று மாலை வீட்டுப் படியில் முழங்கால் மடிந்தது. மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. மூன்றாம் நாள் என் தமையன் அன்ரன் அண்ணை என்னை இரு கைகளிலும் ஏந்திக் காரில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்.

"நோவு இருக்கோ, பிள்ளை?" என்று டொக்டர் கேட்டார்.

"நோவில்லை, டொக்டர். கால் நான் சொல்லுறதைக் கேக்குதில்லை."

அவர் சிறிய இறப்பர்ச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் சும்மா கிடந்தது. பல்நரம்பழற்சி (நோயை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தி, தவறுதலாகத் தன் நரம்புகளையே தாக்குவது) என்றார். "மூச்சைத் தொடாமல் நிண்டால் பயமில்லை. கால் திரும்பி வரும். எவ்வளவு வருமெண்டு மட்டும் என்னைக் கேக்காதை."

நோய் இடுப்போடு நின்றுவிட்டது. இதே நோயுடன் படுத்திருந்து இதை வாசிப்பவருக்குச் சொல்கிறேன்: நோயைவிட டொக்டரின் அந்தக் கடைசி வாக்கியத்தோடு வாழ்வதுதான் கடினம்.

வீட்டுக்கு வந்தபோது, போரினால் மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை. வள்ளங்கள் கரையில் கிடந்தன. மீன்பிடிக்கும் அண்ணையின் கைகளுக்கும் வேலையில்லை. ஆசுபத்திரியில் பிசியோதெரபி (பயிற்சியால் தசைகளையும் மூட்டுகளையும் தேற்றும் சிகிச்சை) செய்தவர் இரண்டு தடவை காட்டிக் கொடுத்ததை அண்ணை அப்படியே பிடித்துக்கொண்டார். காலையும் மாலையும் என் கால்களை மடக்கி நீட்டினார். பிறகு தான் உடுக்கும் சாரமொன்றை முறுக்கி என் இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதைப் பிடித்தபடி என்னை நிற்கப் பழக்கினார்.

"தூக்காதேங்கோ, அண்ணை. நான் எழும்புறன். விழுந்தால் மட்டும் பிடியுங்கோ."

"நீ விழமாட்டாய்."

"விழுவன். அதுக்குத்தானே நீங்கள் நிக்கிறியள்."

விழுந்தேன். பலமுறை விழுந்தேன். ஐந்தாம் மாதம் தனியே நின்றேன். ஒரு வருடம் கழித்துக் கடற்கரை வீதியில் தடியில்லாமல் நடந்தேன். ஆனால் வலது பாதம் முழுமையாக உயரவில்லை. பாதச்சரிவு (பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க முடியாமை) என்று அதற்குப் பெயர். தொடை திரும்பி வந்தது. கணுக்கால் ஏன் வரவில்லை? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உடல் எப்படி அசைகிறது என்பதைத்தான் படிப்பது என்று முடிவுசெய்தேன்.

பிந்தி எழுதிய பரீட்சையில் பக்கத்திலேயே உள்ள யாழ்ப்பாணத் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

"திருநெல்வேலி எண்டால் பஸ்ஸிலை போய் வரலாம். வழியிலை விழுந்தாலும் நான் ஓடி வருவன்."

"அங்கை பிசியோதெரபிப் படிப்பு இல்லையம்மா."

அவர் கோபிக்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "அப்ப எங்கை இருக்கெண்டு பார்" என்றார்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இரண்டுக்கு எழுதினேன். ஒரே கடிதத்தைத்தான் இரண்டுக்கும் அனுப்பினேன். எத்தனையாவது மாதத்தில் நோயாளியின் அருகே நிற்க விடுவீர்கள் என்று கேட்டேன். என் கணுக்காலைப் பற்றியும் எழுதி, என்னைச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன்.

முதற் கல்லூரியிலிருந்து பளபளக்கும் தாளில் கட்டடங்களின் படம் வந்தது. பூரண உடற்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற ஒரு வரியும் இருந்தது. என் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

டொக்டர் அதை வாசித்துவிட்டுப் பேனையை எடுத்தார். "நடக்கிறாய்தானே. பூரண சுகம் எண்டு எழுதித் தாறன்."

எவ்வளவு இலகுவான வழி! அன்று வாங்காமல் வந்து, ஏழு நாள் யோசித்துவிட்டுத் திரும்பவும் அவரிடம் போனேன். "உள்ளதை எழுதுங்கோ, டொக்டர். இந்தக் காலோடைதான் நான் படிக்கப்போறன்."

இரண்டாவது பதில் கையால் எழுதப்பட்ட ஒரே பக்கம். முதல் மாதத்திலேயே நோயாளிகளின் அருகே நிற்கலாம் என்று இருந்தது. 'உங்களால் ஒரு நோயாளியைத் தாங்க முடியுமா என்பதைக் கடிதத்தில் தீர்மானிக்க முடியாது. நேரில் வந்து காட்டுங்கள்.' அந்தக் கல்லூரிதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவர்கள் என்னைத் தெரிவுசெய்வதுதான் மிச்சம்.

அண்ணை கூட வந்தார். பரீட்சித்தவர் கல்லூரித் தலைவி. பக்கவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்த பெரிய உடம்புக்காரர் ஒருவரைக் காட்டி, "இவரைக் கட்டில்லேருந்து மாத்தி உக்கார வைங்க" என்றார்.

"ஐயா, கதிரைக்கு மாறுவம்" என்றேன்.

"கதிரையா? அப்படின்னா?" என்றார் அவர் திகைத்து. நான் நாற்காலியைக் காட்டியதும் அவருக்கே சிரிப்பு வந்தது.

உடம்பு துடைக்கும் நீளமான துவாய் ஒன்று கேட்டு வாங்கி அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். அவருடைய பலவீனமான முழங்காலுக்கு என் இரு முழங்கால்களாலும் அணை கொடுத்தேன். "நான் தூக்கமாட்டன், ஐயா. நீங்கள்தான் எழும்புறியள்." அவர் முன்னால் சரிந்தார், எழுந்தார். என் வலது குதிகால் தரையில் அழுத்தமாக நின்றது. இருவரும் மெல்லத் திரும்பினோம். அவர் அமர்ந்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்று தலைவி கேட்டார்.

"எழும்பி எழும்பித்தான், மிஸ்."

வெளியே விறாந்தையில் அண்ணை நின்றபடியே இருந்தார். "என்ன சொன்னவை?"

"சேரச் சொல்லீனம்."

அண்ணை நேரே நடந்தார். வாசலில் இருந்த, முன்பின் தெரியாத காவலாளியிடம் போய், "என்ரை தங்கச்சி. இங்கை படிக்கப்போறா" என்றார். அந்த மனிதரும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தப் பரிசின்போதும் அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

இரண்டாம் வருடம் நரம்புகளைப் பற்றிய வகுப்பு. உள்ளிழை சிதைந்த நரம்பு மீண்டும் வளர்வதானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளரும் என்றார் ஆசிரியை. விடுதிக்கு வந்ததும் தையல் நாடாவை எடுத்து முழங்காலிலிருந்து கணுக்கால்வரை அளந்தேன். முப்பத்தாறு சென்றிமீற்றர். முந்நூற்றறுபது நாள், கிட்டத்தட்ட ஒரு வருடம்.

என் பாதம் இன்றும் முழுதாக உயர்வதில்லை. மாடிப்படிகளில் நான் கடைசியாகத்தான் வருவேன். ஆனால் காலத்தை நான் கலண்டரில் மட்டும் பார்ப்பதில்லை. கட்டிலோடும் தடியோடும் கழிந்த அந்த வருடத்தில் கணுக்காலில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நம்பியிருந்தேன். தோலுக்கு உள்ளே, நாள் தவறாமல், நான் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன்.